லாசரஸ் திட்டம்

லாசரஸ் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள வில்க்ஸ் கவுண்டியில் 2008 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு சமூகக் கூட்டமைப்பு முயற்சி ஆகும். ஓப்பியாய்டு எனப்படும் அபினிவகை மருந்துகளை மிகையளவில் உட்கொள்வதால் நேரும் இறப்புகளைத் தடுப்பது இதன் நோக்கம். மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவமனை, பொதுச் சுகாதாரத் துறை, காவல்துறை, பள்ளிகள், தேவாலயங்கள் ஆகியவற்றை ஒரே மேசையில் அமர்த்தி, தங்கள் ஊரின் இறப்புகளுக்குத் தாங்களே பொறுப்பேற்கச் செய்தமை இத்திட்டத்தின் தனித்தன்மையாகக் கருதப்படுகிறது. நாட்டின் மிக உயர்ந்த மிகையளவு இறப்பு விகிதங்களுள் ஒன்றைக் கொண்டிருந்த இக்கவுண்டியில் 2009 ஆம் ஆண்டுக்குப் பின் இறப்புகள் விரைவாகக் குறைந்தன. பின்னர் இம்முறை வட கரோலினா முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

பெயர்

கிறித்தவ விவிலியத்தின் யோவான் நற்செய்தியில், இறந்து நான்கு நாட்களாகக் கல்லறையில் கிடந்த லாசரு என்பவரை இயேசு உயிர்ப்பித்ததாகக் கூறப்படுகிறது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இப்பெயர் லாசரு என்றும் இலாசர் என்றும் வழங்கும். மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஒருவரை நலோக்சோன் என்னும் மருந்து சில நிமிடங்களில் மீட்டெடுப்பதைக் குறிக்கும் வகையில் இப்பெயர் அமைந்தது. தேவாலயங்கள் செல்வாக்குடன் விளங்கும் ஒரு நாட்டுப்புறக் கவுண்டியில் இந்தப் பெயர் தனி விளக்கம் எதையும் வேண்டவில்லை.

ஓப்பியாய்டு மிகையளவு

அபினிச் செடியின் பாலிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன் ஆகியவையும், அபினியிலுள்ள சேர்மங்களை வேதியியல் முறையில் மாற்றிப் பெறப்படும் ஹெரோயின், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகியவையும், முழுதும் செயற்கையாகத் தயாரிக்கப்படும் மெத்தடோன், ஃபென்டனில் முதலியனவும் ஓப்பியாய்டுகள் என்னும் பொதுப்பெயரால் அழைக்கப்படுகின்றன. இவை மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளோடு இணைந்து வலியை மட்டுப்படுத்துகின்றன. புற்றுநோய் வலிக்கும் அறுவைக்குப் பிந்திய வலிக்கும் இவற்றுக்கு ஈடான மருந்துகள் குறைவு.

அதே ஏற்பிகள் மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியிலும் உள்ளன. மருந்தின் அளவு மிகும்போது, குருதியில் கரியமில வாயு கூடினாலும் மூச்சை விரைவுபடுத்தும் தூண்டல் எழுவதில்லை. மூச்சு மெதுவாகிறது, உதடுகளும் நகங்களும் நீலம் பாரிக்கின்றன, கண்ணின் மணி ஊசிமுனை போல் சுருங்குகிறது. பலருக்கு ஆழ்ந்த குறட்டை போன்ற ஒலி எழுகிறது. வீட்டிலுள்ளோர் அதனை நல்ல உறக்கம் என்று எண்ணி விட்டுவிடுவதே பல இறப்புகளுக்குக் காரணமாகிறது. மூச்சு முற்றிலும் நின்றபின் மூளை தாக்குப்பிடிக்கும் நேரம் சில நிமிடங்களே. எனினும் மாத்திரை உட்கொண்ட கணத்திற்கும் மூச்சு நிற்கும் கணத்திற்கும் இடையே பெரும்பாலும் ஒரு மணிநேரமோ அதற்கும் மேலோ கிடைக்கிறது. இந்த இடைவெளியில் அருகில் ஒருவர் இருந்து, அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் இறப்பைத் தவிர்க்கலாம் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

மதுவுடனோ, பென்சோடயசிப்பீன் வகை அமைதியூட்டி மருந்துகளுடனோ ஓப்பியாய்டுகளைச் சேர்த்து உட்கொள்வது ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது. சிறையிலோ சிகிச்சை நிலையத்திலோ சில வாரங்கள் மருந்தின்றி இருந்து வெளிவருவோரும் எளிதில் பலியாகின்றனர். உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதை அறியாமல் அவர்கள் பழைய அளவையே எடுத்துக்கொள்வது இதற்குக் காரணம்.

பின்னணி

1990களில் அமெரிக்க மருத்துவ உலகில், வலியால் துன்புறும் நோயாளிகளுக்குப் போதிய சிகிச்சை அளிக்கப்படுவதில்லை என்ற கருத்து வலுப்பெற்றது. இக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996 இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஆக்சிகொன்டின் மாத்திரை, அடிமையாக்கும் ஆபத்து குறைவானது என்று மருத்துவர்களிடம் விளம்பரப்படுத்தப்பட்டது. தவறான முறையில் விளம்பரம் செய்த குற்றத்தை அந்நிறுவனத்தின் ஒரு பிரிவு 2007 இல் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஓப்பியாய்டு மாத்திரைகளை எழுதிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. 2012 இல் இவ்வழக்கம் உச்சத்தை எட்டியபோது ஐக்கிய அமெரிக்காவில் ஓராண்டில் 255 மில்லியன் ஓப்பியாய்டு மருந்துச்சீட்டுகள் எழுதப்பட்டன. இது 100 பேருக்கு 81 சீட்டுகள் என்ற கணக்காகும்.

எல்லா வகை மருந்துகளின் மிகையளவாலும் 1999 இல் ஏறத்தாழ 17,000 அமெரிக்கர்கள் இறந்தனர். 2010 இல் இத்தொகை 38,000 ஐத் தாண்டியது. உடலுழைப்பு மிகுந்த தொழில்களும் அவற்றால் வரும் காயங்களும் நிறைந்த அப்பலாச்சிய மலைப்பகுதிகள் முதலில் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும்.

வட கரோலினாவின் பொதுச் சுகாதாரத் துறை இந்த உயர்வை ஓரளவு முன்னதாகவே கவனித்தது. தற்செயலான மருந்து மிகையளவு இறப்புகளைத் தடுப்பதற்கென அம்மாநிலம் 2000களின் தொடக்கத்தில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகள் யாருக்கு, யாரால், எவ்வளவு வழங்கப்பட்டன என்பதைப் பதியும் மாநிலத் தரவுத்தளம் 2007 இல் செயற்படத் தொடங்கியது. ஒரே நோயாளி பல மருத்துவர்களிடம் சீட்டு வாங்குவதை மருத்துவர் தம் அறையிலிருந்தே கண்டறிய இது வழிசெய்தது.

வில்க்ஸ் கவுண்டி

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. நம் நாட்டு மாவட்டத்தை ஒத்தது, ஆயினும் பெரும்பாலும் மக்கள்தொகையில் மிகச் சிறியது. வில்க்ஸ் கவுண்டி நீலத் தொடர் மலைகளின் அடிவாரத்தில், யாட்கின் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்துள்ளது. இதன் தலைநகர் வில்க்ஸ்பரோ. 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 69,340 மக்கள் வாழ்ந்தனர்.

அமெரிக்காவில் இக்கவுண்டி வேறு காரணங்களுக்காக அறியப்பட்டது. கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கும், அதனைக் காவலரிடம் சிக்காமல் கொண்டுசெல்லும் விரைவுக் கார்களுக்கும் பெயர்பெற்றிருந்த இப்பகுதியிலிருந்தே நாஸ்கார் கார்ப் பந்தயத்தின் முன்னோடிகள் சிலர் தோன்றினர். லோவ்ஸ் என்னும் பெரும் வன்பொருள் விற்பனை நிறுவனமும் வடக்கு வில்க்ஸ்பரோவில் பிறந்ததே. மரத்தளவாட உற்பத்தி, நெசவாலைகள், கோழிப்பண்ணை, மரவெட்டு ஆகியவை மக்களின் தொழில்களாக இருந்தன. ஆலைகள் மூடப்பட்டும் நிறுவனங்கள் இடம்பெயர்ந்தும் வேலைவாய்ப்புச் சுருங்கியது. உழைத்துத் தேய்ந்த உடல்களும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைப் புட்டிகளும் எஞ்சின.

2009 இல் இக்கவுண்டியின் தற்செயலான நச்சேற்ற இறப்பு விகிதம் மாநிலச் சராசரியைப் போல் நான்கு மடங்காக இருந்தது. இறப்புகளுக்கு ஏறத்தாழ முற்றிலும் காரணமாக இருந்தவை ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், மெத்தடோன், ஃபென்டனில் ஆகிய மருந்துச்சீட்டு வலிநீக்கிகளே. அன்று ஃபென்டனில் எனப்பட்டது பெரும்பாலும் தோலில் ஒட்டும் மருத்துவப் பட்டைகளைக் குறித்தது. பிற்காலத்தில் கள்ளச்சந்தையை நிரப்பிய தூளோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

தோற்றம்

இத்திட்டத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஃபிரெட் வெல்ஸ் பிரேசன். மருத்துவரல்லாத இவர், இறக்கும் தறுவாயில் உள்ள நோயாளிகளைப் பேணும் அமைப்பொன்றில் போதகராகப் பணியாற்றியவர். அத்தகைய நோயாளிகளின் வீடுகளில் வீரியமிக்க வலிநீக்கிகள் இருப்பது இயல்பு. அவற்றை வீட்டிலுள்ள வேறொருவர் எடுத்து உட்கொள்வதையும், விற்பதையும், உறவினரோடு பகிர்ந்துகொள்வதையும் அவர் தம் பணியின்போது கண்டார். நோயாளிக்கு வலியைப் போக்க வந்த மாத்திரையே அதே கூரையின் கீழ் இன்னொருவரைக் கொல்லக்கூடும் என்ற இந்த அறிதல், திட்டத்தின் பிற்காலப் போக்கு முழுவதையும் தீர்மானித்தது எனலாம். சிக்கல் தெருமுனையில் அன்று, வீட்டு மருந்துப் பேழையில் இருந்தது.

பிரேசனோடு மருத்துவர் சூ ஆல்பர்ட், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய நோய்ப்பரவலியலாளர் கே சான்ஃபோர்ட், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நபாருண் தாஸ்குப்தா முதலியோர் இணைந்தனர். இரண்டு கருத்துகள் தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டன. மிகையளவு இறப்பு ஒவ்வொன்றும் தடுக்கப்படக்கூடியது என்பது ஒன்று. ஒரு சமூகத்தின் நலத்திற்கு இறுதிப் பொறுப்பு அச்சமூகத்துக்கே உரியது என்பது மற்றொன்று.

செயற்பாடுகள்

திட்டத்தின் முதற்கட்டம் ஐந்து கூறுகளைக் கொண்டிருந்தது. சமூகத்தைத் திரட்டிக் கூட்டமைப்பை உருவாக்குதல், இறப்புத் தரவுகளைத் தொடர்ந்து கண்காணித்தல், மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் கல்வியளித்து மிகையளவைத் தடுத்தல், மீட்பு மருந்தைப் பொதுமக்கள் கையில் கொடுத்தல், செய்தவற்றை மதிப்பிடுதல் என்பன அவை. இவற்றுள் தரவு முதலில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. எத்தனை பேர், எந்த வயதில், எந்த மருந்தால், யார் எழுதிய சீட்டால் இறந்தனர் என்ற உள்ளூர்க் கணக்கு கூட்டங்களில் முன்வைக்கப்பட்டது. தேசிய அளவிலான எண்களைக் கேட்டு அசையாத ஊர், தன் மயானத்தின் கணக்கைக் கேட்டபோது அசைந்தது.

கூட்டமைப்பில் இணைந்த ஒவ்வொரு தரப்பினரும் தத்தம் துறைக்கு உரிய பணியை ஏற்றனர். பள்ளிகளில் மாணவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட்டது. மருந்தைச் சரியான அளவில் எடுத்தல், பூட்டி வைத்தல், மீந்ததை முறையாக அழித்தல், ஒருபோதும் பிறரோடு பகிராதிருத்தல் என்ற நான்கு செய்திகள் பரப்பப்பட்டன. பகிராதிருத்தல் என்பது எளிதாகத் தோன்றினாலும், மருத்துவக் காப்பீடு இல்லாத அண்டை வீட்டாருக்கு மாத்திரை கொடுப்பதை உதவியாகக் கருதும் நாட்டுப்புறத்தில் அதுவே கடினமான பாடமாக இருந்தது. மீந்த மாத்திரைகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடுகளும் செய்யப்பட்டன.

மருத்துவர்களும் மருந்துச்சீட்டும்

திட்டத்தின் பெருமுயற்சி குடும்ப மருத்துவர்களை நோக்கியே இருந்தது. நாள்பட்ட வலிக்குச் சிகிச்சையளிப்பதற்கான வழிகாட்டித் தொகுப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, மருத்துவர்களை நேரில் சந்தித்து விளக்கப்பட்டது. நோயாளி ஒரே மருத்துவரிடம் மட்டும் இம்மருந்தைப் பெறுவார் என்று இருவரும் கையொப்பமிடும் சிகிச்சை உடன்பாடு, சிறுநீர்ச் சோதனை, மாநிலத் தரவுத்தளத்தைப் பார்த்தல், மிகையளவுக்கு ஆளாகும் வாய்ப்பை முன்கூட்டியே மதிப்பிடுதல் ஆகியன அதில் அடங்கும்.

உள்ளூர் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவும் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. நாள்பட்ட வலிக்கு மீண்டும் மீண்டும் அவசரப் பிரிவை நாடுவோர்க்கு ஓப்பியாய்டு வழங்குவது கட்டுப்படுத்தப்பட்டு, அவர்கள் நிலையான மருத்துவர் ஒருவரிடம் அனுப்பப்பட்டனர்.

வலியுள்ளோர்க்கு மருந்தை மறுப்பது திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. வலி நோயாளிகளுக்கு ஆதரவு அளிப்பது திட்டத்தின் தனிக்கூறாகவே பின்னர் சேர்க்கப்பட்டது. மருத்துவர்கள் அஞ்சி ஓப்பியாய்டு எழுதுவதையே நிறுத்திவிட்டால், நோயாளி வேறு ஊரையோ கள்ளச்சந்தையையோ நாடுவார் என்பதைத் திட்டத்தினர் உணர்ந்திருந்தனர்.

நலோக்சோன்

நலோக்சோன் என்பது ஓப்பியாய்டுகளின் விளைவை முறிக்கும் மருந்தாகும். ஏற்பிகளில் அமர்ந்துள்ள ஓப்பியாய்டை வெளியேற்றி அவ்விடத்தில் தான் அமர்வதால் சில நிமிடங்களில் மூச்சு மீள்கிறது. 1971 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து நெடுங்காலம் மருத்துவமனைகளிலும் அவசர ஊர்திகளிலும் மட்டுமே இருந்தது. இதற்குப் போதையூட்டும் தன்மை இல்லை. ஓப்பியாய்டு உட்கொள்ளாத ஒருவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஓப்பியாய்டுக்குப் பழகியவர்க்கு வாந்தி, நடுக்கம், பதற்றம் முதலிய விலகல் அறிகுறிகள் தோன்றும். மருந்தின் விளைவு ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்களே நீடிப்பதால், மெத்தடோன் போன்று நெடுநேரம் உடலில் தங்கும் மருந்துகளில் மூச்சுத் தடை மீண்டும் வரலாம். எனவே நலோக்சோன் கொடுத்தபின்னும் அவசர உதவியை அழைப்பது இன்றியமையாதது.

மருத்துவரல்லாதோர் கையில் இம்மருந்தைக் கொடுக்கும் வழக்கத்தை 1990களின் நடுப்பகுதியில் சிகாகோ நகரத் தொண்டர்கள் தொடங்கிவைத்தனர். பெருநகரங்களில் ஊசி வழியே ஹெரோயின் ஏற்றிக்கொள்வோர்க்கு ஊசி மாற்றும் நிலையங்கள் மூலம் அது வழங்கப்பட்டது. வில்க்சில் அத்தகைய நிலையமும் இல்லை, அத்தகைய பயனர்களும் அன்று மிகுதியாக இல்லை. இறந்துகொண்டிருந்தவர்கள் மருத்துவரிடம் சென்று வருபவர்களும் அவர்களின் வீட்டாரும் ஆவர். ஆகவே லாசரஸ் திட்டம் நலோக்சோனைச் சாதாரண மருத்துவமனை நடைமுறைக்குள் கொண்டுவந்தது. ஆபத்து மிகுந்தவர் என மருத்துவர் கருதும் வலி நோயாளிக்கு ஓப்பியாய்டு எழுதும்போதே நலோக்சோனும் எழுதப்பட்டது. மூக்கினுள் தெளிக்கும் முனையுடன் கூடிய, மருந்து நிரப்பிய பீற்றுக்குழல்களும் விளக்கக் கையேடும் கொண்ட பெட்டி ஒன்று வழங்கப்பட்டது.

இதில் ஒரு நடைமுறை முரண் உண்டு. மயங்கிக் கிடப்பவர் தமக்குத் தாமே மருந்து செலுத்திக்கொள்ள இயலாது. எனவே சீட்டு நோயாளியின் பெயரில் இருந்தாலும் பயிற்சி அவருடைய துணைவருக்கோ பெற்றோருக்கோ தேவைப்பட்டது. தாம் பார்த்திராத ஒருவர் பயன்படுத்தப்போகும் மருந்தை மருத்துவர் எழுதலாமா என்ற தொழில்நெறிக் கேள்வியும் எழுந்தது. வட கரோலினா மருத்துவ வாரியம் இத்தகைய முயற்சிகளை ஆதரித்து வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை மருத்துவர்களின் தயக்கத்தைக் குறைத்தது.

நலோக்சோன் வழங்குவது போதைப்பழக்கத்தை ஊக்குவிக்கும் என்ற எதிர்ப்பு இம்முயற்சிகள் நடந்த எல்லா இடங்களிலும் எழுந்ததே. தீயணைப்புக் கருவி வைத்திருப்பதால் யாரும் வீட்டுக்குத் தீ வைப்பதில்லை என்பது ஆதரவாளர்கள் பலர் தரும் விடை. வில்க்சில் பாதிக்கப்பட்டோர் அண்டை வீட்டாராகவும் ஒரே தேவாலயத்தினராகவும் இருந்தமை இவ்விவாதத்தின் கடுமையைத் தணித்தது.

விளைவுகள்

திட்டத்தின் முதல் முடிவுகள் 2011 இல் பெயின் மெடிசின் என்னும் மருத்துவ இதழில் வெளியாயின. வில்க்ஸ் கவுண்டியின் மிகையளவு இறப்பு விகிதம் 2009 இல் 100,000 பேருக்கு 46.6 ஆக இருந்து 2010 இல் 29.0 ஆகக் குறைந்திருந்தது. 2008 இல் இறந்தோருள் 82 விழுக்காட்டினர் ஓப்பியாய்டு மருந்துச்சீட்டை வில்க்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து பெற்றிருந்தனர். 2010 இல் இவ்வளவு 10 விழுக்காடாக வீழ்ந்தது. 2009 க்கும் 2011 க்கும் இடையில் இறப்பு விகிதம் 69 விழுக்காடு குறைந்ததாகத் திட்டத்தினர் பின்னர் அறிவித்தனர். இக்காலத்தில் கவுண்டியில் ஓப்பியாய்டு மருந்துச்சீட்டுகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர். மருந்தை அகற்றாமலேயே இறப்பைக் குறைக்க இயலும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது.

இவ்வெண்களைப் படிக்கும்போது கவுண்டியின் சிறுமையை மறத்தலாகாது. ஏறத்தாழ 69,000 பேர் கொண்ட மக்கள்தொகையில் 46.6 என்ற விகிதம் ஏறக்குறைய 32 இறப்புகளையும், 29.0 என்பது 20 இறப்புகளையும் குறிக்கும். இத்தகைய சிறு எண்ணிக்கைகள் ஆண்டுக்காண்டு தற்செயலாகவும் ஏறி இறங்கக்கூடியவை. தம் முடிவுகள் முதற்கட்டமானவை, சரிப்படுத்தப்படாதவை என்று கட்டுரையாசிரியர்களே குறிப்பிட்டிருந்தனர். ஒப்பிடத்தக்க வேறொரு கவுண்டியைக் கட்டுப்பாட்டுக் குழுவாகக் கொண்ட ஆய்வாக அது அமையவில்லை. பல பணிகள் ஒரே நேரத்தில் நடந்ததால், குறைவுக்கு எது காரணம் என்று பிரித்தறிவதும் அரிதாயிற்று. நாட்டின் பிற பகுதிகளில் இறப்புகள் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இங்கு இறங்கின என்பதே இத்திட்டத்துக்குக் கிடைத்த கவனத்திற்கு முதற்காரணம்.

மாநில அளவில்

வில்க்சின் அனுபவத்தைக் கொண்டு ஒரு சக்கர வடிவ மாதிரி வகுக்கப்பட்டது. சக்கரத்தின் குடமாக மக்கள் விழிப்புணர்வு, கூட்டமைப்பின் செயற்பாடு, தரவும் மதிப்பீடும் ஆகியவை அமைந்தன. சமூகக் கல்வி, மருத்துவர் கல்வி, மருத்துவமனை அவசரப் பிரிவு விதிகள், மருந்து கைமாறுவதைத் தடுத்தல், வலி நோயாளிகளுக்கு ஆதரவு, தீங்கு குறைப்பு, அடிமைநிலைச் சிகிச்சை என ஏழு ஆரங்கள் இருந்தன. ஊருக்கேற்ப எந்த ஆரத்தை முதலில் எடுப்பது என்பதை அந்தந்தக் கூட்டமைப்பே முடிவு செய்தது. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டப் பயனாளிகளின் சிகிச்சையை ஒருங்கிணைக்கும் வட கரோலினாச் சமூகப் பராமரிப்பு என்னும் அமைப்பின் வழியாக, கேட் பி. ரெனால்ட்ஸ் அறக்கட்டளையும் மாநில அரசும் அளித்த நிதியுடன் 2010களின் தொடக்கத்தில் இது மாநிலமெங்கும் பரப்பப்பட்டது. ஃபோர்ட் பிராக் இராணுவத் தளத்திலும் இதனைத் தழுவிய திட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டமும் உடன் நகர்ந்தது. மிகையளவுக்கு ஆளானவருக்காக அவசர உதவியை அழைப்பவர் சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திற்காக வழக்குத் தொடரப்படாமல் காக்கும் சட்டம் 2013 இல் வட கரோலினாவில் இயற்றப்பட்டது. நண்பர் உயிருக்குப் போராடும்போது காவலருக்கு அஞ்சி ஓடிவிடுவது அதுவரை வழக்கமாக இருந்தது. நோயாளியின் உறவினருக்கும் நண்பருக்கும் நலோக்சோன் எழுதும் உரிமையை மருத்துவர்களுக்கு அதே சட்டம் உறுதிசெய்தது. 2016 இல் மாநிலச் சுகாதார இயக்குநரின் நிலையான ஆணையால் தனிச்சீட்டு இன்றியே மருந்தகங்களில் அதனைப் பெற முடிந்தது.

மாநிலம் தழுவிய ஏழு உத்திகளை மதிப்பிட்ட ஆய்வொன்று 2018 இல் வெளியானது. உத்திக்கு உத்தி விளைவு வேறுபட்டது என்றும், வில்க்சில் காணப்பட்டது போன்ற பெருங்குறைவு மாநில அளவில் தோன்றவில்லை என்றும் அதனால் தெரியவந்தது. நிதியும் ஏட்டுத் திட்டமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எளிதில் செல்கின்றன. பல ஆண்டுகள் ஒருவரையொருவர் அறிந்த மனிதர்களின் கூட்டு அவ்வாறு செல்வதில்லை.

பிற்கால நிலை

லாசரஸ் திட்டம் மருந்துச்சீட்டு மாத்திரைகளின் நெருக்கடிக்காக வகுக்கப்பட்டது. அந்நெருக்கடி நீடிக்கவில்லை, உருமாறியது. 2010 இல் ஆக்சிகொன்டின் மாத்திரை, பொடித்து முகர முடியாத வடிவில் மாற்றியமைக்கப்பட்டது. மருத்துவர்களும் நாடெங்கும் எச்சரிக்கையாயினர். ஏற்கெனவே அடிமைப்பட்டிருந்தோருள் ஒரு பகுதியினர் மலிவான ஹெரோயினுக்கு மாறினர். 2013 ஐ ஒட்டிக் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஃபென்டனில் பரவத் தொடங்கியது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள இப்பொருள், மாத்திரை உட்கொண்டபின் கிடைத்துவந்த ஒரு மணிநேர இடைவெளியைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டது. மருத்துவரின் மேசையில் தடுக்கக்கூடியதாயிருந்த இறப்பு, அந்த மேசைக்கு வராதவர்களின் இறப்பாயிற்று.

வட கரோலினாவில் மிகையளவு இறப்புகள் 2021 இல் 4,000 ஐத் தாண்டின. வில்க்சும் இந்த இரண்டாம் அலையிலிருந்து தப்பவில்லை. 82 விழுக்காடு 10 ஆனது என்ற பழைய எண்ணைச் சில விமர்சகர்கள் இப்போது வேறு வகையில் படிக்கின்றனர். உள்ளூர் மருத்துவர் கொடுப்பது குறைந்தபோது, சிலர் எங்கு கிடைத்ததோ அங்குச் சென்றனர் என்பது அவர்களின் கருத்து. மருத்துவர் கல்வியோடு நலோக்சோனையும் அடிமைநிலைச் சிகிச்சையையும் இத்திட்டம் தொடக்கத்திலேயே சேர்த்திருந்ததால், மாத்திரையைக் குறைப்பதை மட்டும் நம்பிய பிற முயற்சிகளைவிட இது முன்னறிவு உடையதாக இருந்தது என்பது மறுதரப்பின் விடை. புப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகியவற்றைக் கொண்டு அளிக்கப்படும் நீண்டகாலச் சிகிச்சை இறப்பைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு உண்டு. நாட்டுப்புறங்களில் அச்சிகிச்சை தருவோரின் பற்றாக்குறையே பெருந்தடையாக இருந்துவந்துள்ளது.

திட்டம் முன்வைத்த சில நடைமுறைகள் இன்று பொதுவழக்காகிவிட்டன. ஓப்பியாய்டு எழுதும்போது ஆபத்துள்ள நோயாளிக்கு நலோக்சோனும் அளிப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. நலோக்சோன் மூக்குத்தெளிப்பைச் சீட்டின்றிக் கடைகளில் விற்க 2023 மார்ச்சில் உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஆண்டு மிகையளவு இறப்புகள் 2022 இல் ஏறத்தாழ 108,000 ஆக இருந்து 2024 இல் ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தன. நலோக்சோன் பரவியமை, சிகிச்சை விரிவடைந்தமை, கள்ளச்சந்தைச் சரக்கின் வீரியம் மாறியமை எனப் பல காரணங்கள் இதற்குக் கூறப்படுகின்றன.

மருந்து உற்பத்தி நிறுவனமான ஜான்சன் அண்டு ஜான்சனும் மூன்று பெரும் மொத்த விற்பனை நிறுவனங்களும் 26 பில்லியன் டாலர் இழப்பீடு வழங்க 2021 இல் உடன்பட்டன. வட கரோலினாவுக்குரிய பங்கில் 85 விழுக்காடு கவுண்டிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பிரித்தளிக்கப்படுகிறது. அதனை எவ்வகையில் செலவிடுவது என்பதை அந்தந்த உள்ளூர் அரசு, வகுக்கப்பட்ட பட்டியலுக்குள் நின்று முடிவு செய்ய வேண்டும். நலோக்சோன் வழங்கல், அடிமைநிலைச் சிகிச்சை, சிறையிலிருந்து வெளிவருவோர்க்கான உதவி ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன.